தாயிச்சி ஓனோ

தாயிச்சி ஓனோ (பிப்ரவரி 29, 1912 - மே 28, 1990) ஜப்பானைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளர் ஆவார். டொயோட்டா தானுந்து நிறுவனத்தில் பட்டறைப் பொறுப்பாளராக இருந்து துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்தவர். டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். அட்டைகளைக் கொண்டு வேலையை நெறிப்படுத்தும் கன்பான் முறை இவரது ஆக்கமாகும். ஓனோ மென்பொருள் துறையில் பணியாற்றியவர் அல்லர். எனினும், அஜைல் முறையில் இயங்கும் குழுக்கள் ஜிரா, ட்ரெல்லோ போன்ற பணித் தடமறி மென்பொருள்களில் பயன்படுத்தும் பலகையின் அடிப்படைக் கருத்து இவரது தொழிற்சாலையில் தோன்றியதே.

இளமையும் கல்வியும்

ஓனோ சீனாவின் டாலியன் நகரில் பிறந்தார். அந்நகர் அக்காலத்தில் ஜப்பானின் ஆட்சியின் கீழ் இருந்தது. நகோயா உயர் தொழில்நுட்பப் பள்ளியில் இயந்திரவியல் பயின்ற இவர், 1932 ஆம் ஆண்டு படிப்பை முடித்து, டொயோடா நூற்பு நெசவு நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

அந்நிறுவனத்தைத் தொடங்கிய சாக்கிச்சி டொயோடா தானியங்கித் தறியை உருவாக்கியவர். 1924 இல் நிறைவுபெற்ற அவரது தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். இதனால் பழுதான துணி நெய்யப்படுவதில்லை. ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் காவல் இருக்கவேண்டிய தேவையும் இல்லை. ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்கலாம். பிழை நேர்ந்தால் வேலை நின்றுவிட வேண்டும் என்னும் இக்கருத்து ஓனோவின் பிற்காலப் பணிக்கு அடித்தளமாயிற்று.

டொயோட்டாவில் பணி

சாக்கிச்சியின் மகன் கீச்சிரோ டொயோடா 1937 இல் தானுந்து நிறுவனத்தை நிறுவினார். ஓனோ 1943 இல் அந்நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். போருக்குப் பின்னர் அமெரிக்கத் தானுந்துத் தொழிலை மூன்று ஆண்டுகளுக்குள் எட்டிப்பிடிக்க வேண்டும் என்று கீச்சிரோ இலக்கு வைத்தார். ஒரு அமெரிக்கத் தொழிலாளி செய்யும் வேலைக்கு ஒன்பது ஜப்பானியர் தேவைப்படுகின்றனர் என்று தாம் முன்னர் கேள்விப்பட்டிருந்ததை ஓனோ தமது நூலில் நினைவுகூர்கிறார். அமெரிக்கர் ஒன்பது மடங்கு உடலுழைப்பைச் செலுத்தியிருக்க இயலாது. எனவே ஜப்பானியரின் வேலையில் எங்கோ பெரும் வீண் இருக்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

நிறுவனம் 1949 இல் கடும் பணநெருக்கடிக்கு உள்ளானது. 1950 இல் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. கீச்சிரோ பதவி விலகினார். அவ்வாண்டு தொடங்கிய கொரியப் போரினால் கிடைத்த வாகன ஆணைகள் நிறுவனத்தைக் காப்பாற்றின. விற்காத வண்டிகளை அடுக்கி வைப்பது எத்தகைய ஆபத்து என்பதை இந்நெருக்கடி உணர்த்தியது. ஜப்பானியச் சந்தை சிறியது. ஆனால் பல வகை வண்டிகளைக் கேட்டது. ஒரே வகையைப் பெருமளவில் செய்து குவிக்கும் போர்டு நிறுவனத்தின் முறை இதற்குப் பொருந்தவில்லை.

கன்பான் முறை

அமெரிக்கப் பேரங்காடிகளைப் பற்றி அறிந்த ஓனோ அவற்றில் ஒரு விடையைக் கண்டார். அங்கு வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதை, வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிறார். காலியான இடம் மட்டுமே மீண்டும் நிரப்பப்படுகிறது. இதனை 1953 இல் தமது இயந்திரப் பட்டறையில் நடைமுறைப்படுத்தினார். 1956 இல் அமெரிக்கா சென்றபோது பேரங்காடிகளை நேரிலும் பார்த்தார்.

கன்பான் என்னும் ஜப்பானியச் சொல் பெயர்ப்பலகை அல்லது அட்டையைக் குறிக்கும். உதிரிப் பாகங்கள் உள்ள ஒவ்வொரு பெட்டியுடனும் ஓர் அட்டை இருக்கும். அடுத்த நிலையில் உள்ளவர் பாகங்களை எடுக்கும்போது அட்டை முந்தைய நிலைக்குத் திரும்பும். அட்டை வந்தால் மட்டுமே, அதில் குறித்த அளவு மட்டுமே, செய்ய வேண்டும்; அட்டை இல்லையெனில் செய்யக் கூடாது. இவ்வாறு மேலிருந்து தள்ளப்படாமல், தேவையால் வேலை இழுக்கப்படுவதால் இது இழுப்பு முறை எனப்படுகிறது.

இதில் அட்டைகளின் எண்ணிக்கையே முக்கியமானது. எடுத்துக்காட்டாக, இரு நிலைகளுக்கிடையே ஐந்து அட்டைகள் இருந்தால் ஐந்து பெட்டிகளுக்கு மேல் அங்கு தேங்க முடியாது. அட்டைகளைக் குறைக்கக் குறைக்க, கையிருப்பு மறைத்து வைத்திருந்த இயந்திரப் பழுது, தாமதம், தரக்குறைவு ஆகியவை வெளிப்படும். அவற்றைக் களைவதே முறையின் நோக்கமாகும்.

ஏழு வீண்கள்

வாடிக்கையாளருக்குப் பயன் தராத செயல் அனைத்தும் வீண் என்று ஓனோ வரையறுத்து, அவற்றை ஏழாக வகைப்படுத்தினார்.

* தேவைக்கு மேல் உற்பத்தி செய்தல்
* காத்திருத்தல்
* பொருட்களை இடம் மாற்றுதல்
* தேவையற்ற செயலாக்கம்
* கையிருப்பு
* தேவையற்ற உடல் அசைவு
* பழுதான பொருட்களைச் செய்தல்

இவற்றுள் முதலாவதே மிகவும் தீயது. ஏனெனில் அது பிற வீண்களை உண்டாக்கி மறைத்தும் விடுகிறது.

பழுதைக் கண்ட தொழிலாளி உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது இவர் புகுத்திய மற்றொரு நடைமுறை. சிக்கல் எழுந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தை அடையவேண்டும் என்றும் வலியுறுத்தினார். இவர் நூலில் தரும் எடுத்துக்காட்டில், இயந்திரம் நின்றதற்கு உருகி எரிந்தது முதற் காரணமாகத் தோன்றுகிறது. தொடர்ந்து கேட்கையில், எண்ணெய் ஏற்றியில் வடிகட்டி இல்லாததால் உலோகத்துகள் புகுந்ததே மூலகாரணம் எனத் தெரியவருகிறது. உருகியை மட்டும் மாற்றினால் அதே பழுது மீண்டும் வரும்.

எதிர்ப்பும் பரவலும்

ஒரு தொழிலாளி பல இயந்திரங்களை இயக்க வேண்டும் என்ற மாற்றத்தைக் கைதேர்ந்த தொழிலாளர்கள் எதிர்த்தனர். தொடக்கத்தில் இது நிறுவனத்தின் முறையாகக் கருதப்படாமல் ஓனோ முறை என்றே அழைக்கப்பட்டது. 1962 இல் கன்பான் நிறுவனம் முழுவதும் ஏற்கப்பட்டது. 1965 முதல் வெளி வழங்குநர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 1973 எண்ணெய் நெருக்கடியைப் பிற நிறுவனங்களைவிட டொயோட்டா நன்கு சமாளித்ததால் இம்முறை மீது பரவலான கவனம் விழுந்தது.

ஓனோ 1954 இல் இயக்குநராகவும் 1975 இல் செயல் துணைத் தலைவராகவும் ஆனார். 1978 இல் அப்பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் வெளியான இவரது டொயோட்டா உற்பத்தி முறை என்னும் நூல் 1988 இல் ஆங்கிலத்தில் வந்தது. 1990 இல் டொயோட்டா நகரில் காலமானார்.

மென்பொருள் துறையில் தாக்கம்

அஜைல் கொள்கை அறிக்கை 2001 இல் வெளியானது. 2003 இல் மேரி, டாம் பாப்பண்டீக் ஆகியோர் எழுதிய நூல் ஓனோவின் வீண்களை மென்பொருள் உருவாக்கத்துக்குப் பொருத்திக் காட்டியது. பாதி முடிந்த நிரல், மென்பொருளின் கையிருப்பு எனக் கொள்ளப்பட்டது. 2004 இல் டேவிட் ஆண்டர்சன், மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்காக ஐதராபாத்தில் இயங்கிய பராமரிப்புக் குழு ஒன்றில் இழுப்பு முறையைப் புகுத்த உதவினார். ஒரே நேரத்தில் கையிலிருக்கும் வேலைகளுக்கு வரம்பு வைக்கப்பட்டது. மாதக்கணக்கில் காத்திருந்த கோரிக்கைகள் சில வாரங்களில் முடியலாயின. பின்னர் கார்பிஸ் நிறுவனத்தில் இதனை விரிவாக்கிய அவர், 2010 இல் கன்பான் பற்றிய நூலை வெளியிட்டார்.

சிட்னியின் அட்லாசியன் நிறுவனம் 2002 இல் வெளியிட்ட ஜிராவும், 2011 இல் வந்த ட்ரெல்லோவும் இத்தகைய பலகைகளைப் பரவலாக்கின. ஒவ்வொரு வழுவும் கோரிக்கையும் ஓர் அட்டையாகிறது. செய்யவேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்னும் நிரல்களில் அது இடமிருந்து வலமாக நகர்கிறது. யார் கையில் என்ன வேலை உள்ளது, எங்கு தேங்கியுள்ளது என்பதைக் குழுவினர் அனைவரும் காணலாம்.

எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஓனோவின் அட்டைகள் எண்ணிக்கையில் அடங்கியவை. அட்டை தீர்ந்தால் வேலை தொடங்காது. மென்பொருளில் யாரும் எத்தனை அட்டைகளையும் உருவாக்கலாம். நடப்பவை நிரலுக்கு வரம்பு வைக்காமல் பலகையை மட்டும் பயன்படுத்தினால், அது வேலைகளைக் குவித்து வைக்கும் கிடங்காகிவிடும். ஓனோ ஒழிக்க முயன்ற கையிருப்பே திரையில் மீண்டும் தோன்றும். வரம்பை எட்டியவர் புதிய வேலையைத் தொடங்காமல், தேங்கிய வேலையை முடிக்கத் தோழருக்கு உதவுவதே இம்முறையின் பயன்.

விமர்சனங்கள்

டொயோட்டாவில் தற்காலிகத் தொழிலாளியாகப் பணியாற்றிய இதழாளர் சத்தோஷி கமாட்டா, 1973 இல் வெளியான நூலில் அங்கிருந்த கடும் வேலைவேகத்தைப் பதிவு செய்தார். கையிருப்பின் சுமை சிறு வழங்குநர்கள் மீது தள்ளப்படுகிறது என்ற குறையும் கூறப்பட்டது. 1997 பிப்ரவரியில் ஐசின் நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயினால் ஒரு சிறு பாகம் கிடைக்காமல், டொயோட்டாவின் உற்பத்தி சில நாட்கள் நின்றது. அஜைல் குழுக்களிலும், அட்டைகளை எண்ணி ஊழியரை மதிப்பிடும் கருவியாகப் பலகை மாறக்கூடும் என்ற கவலை எழுப்பப்படுகிறது. ஓனோவின் முறையில் அட்டை அளந்தது தொழிலாளியை அன்று, வேலை ஓடும் வழியையே.