ஒற்றைக் கையும் ஓர் அவரை விதையும்

ஒரு செடி செழித்து வளர மண், நீர், சூரிய ஒளி, பசளை வேண்டும் என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். இவற்றைச் செடி தன் உடலாக மாற்றிக்கொள்ள நொதியங்கள் வேண்டும். நொதியங்கள் புரதங்கள் என்பது எங்கள் உயர்தர உயிரியல் குறிப்பில் ஒரே ஒரு வரி. அந்த வரிக்காக ஒருவர் ஒன்பது ஆண்டுகள் உழைத்தார் என்று அறிந்தபோது, அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

ஜேம்ஸ் சம்னர் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். பதினேழு வயதில் வேட்டைக்குச் சென்றபோது நண்பரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. இடது கை முழங்கைக்குக் கீழே அகற்றப்பட்டது. அவரோ இடதுகைப் பழக்கமுடையவர். எழுதுவது முதல் எல்லாவற்றையும் வலது கையால் புதிதாகப் பழகினார். டென்னிசும் விளையாடினார்.

ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தார். மேற்படிப்பை நாடியபோது பேராசிரியர் போலின், ஒற்றைக் கையுடன் இத்துறை சரிவராது, சட்டம் படிப்பதே நல்லது என்றார். சம்னர் விலகவில்லை. அதே பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து 1914இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பின்பு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். கற்பித்தல் சுமை அதிகம். பணமும் கருவிகளும் குறைவு. 1917இல், அதுவரை எவரும் செய்யாத ஒன்றைத் தொடங்கினார்: ஒரு நொதியத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது. அவர் தேர்ந்தது வாளவரை இனத்து ஜேக் அவரை விதை. அதில் யூரியேஸ் என்ற நொதியம் நிறைய உண்டு. குளிரூட்டும் பெட்டி இல்லாததால் கரைசலை யன்னல் விளிம்பில் வைத்து, குளிரான இரவுக்காகக் காத்திருந்த காலமும் உண்டு.

1926இல் விதை மாவை அசற்றோன் கலந்த நீரில் கரைத்து, வடித்து, குளிரில் வைத்தார். மறுநாள் நுணுக்குக்காட்டியில் நுண்ணிய பளிங்குகள் தெரிந்தன. அவை புரதம்; யூரியாவை வேகமாகச் சிதைத்தன. ஆனாலும் ஜேர்மனியின் புகழ்பெற்ற அறிஞர் வில்ஸ்டாட்டரும் அவரைச் சார்ந்தோரும் இதை ஏற்கவில்லை. 1930இல் நோத்றொப் பெப்சினைப் பளிங்காக்கிய பின்னரே கருத்து மாறத் தொடங்கியது. 1946இல் நோபல் பரிசின் பாதி சம்னருக்குக் கிடைத்தது. மறுபாதியை நோத்றொப்பும் ஸ்டான்லியும் பகிர்ந்தனர். 1955இல் சம்னர் காலமானார்.

அந்த நொதியம் செடிக்கு என்ன செய்கிறது? யூரியாவை அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் உடைக்கிறது. அமோனியாவிலுள்ள நைதரசனைக் கொண்டே செடி புதிய புரதங்களை ஆக்குகிறது. யூரியேஸ் இயங்க நிக்கல் தேவை என்பது 1975இல் தெரியவந்தது. நிக்கல் கிடைக்காத சோயாச் செடியின் இலையில் யூரியா தேங்கி, இலை நுனி கருகுகிறது. ஜேக் அவரை யூரியேஸ் சில பூச்சிகளுக்கு நஞ்சாகிறது; சில பங்கசுகளின் வளர்ச்சியையும் தடுக்கிறது. வளர்க்கும் பொருளே காவலாகவும் நிற்கிறது.

போலின் சொன்னது அக்கறையான அறிவுரையாகவே இருந்திருக்கலாம். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். இந்தப் பாடம் உனக்குக் கஷ்டம் என்பது பெரும்பாலும் அன்பினால் வரும் சொல். ஆயினும் பெற்றோரே, அதைச் சொல்லுமுன் அந்த விதை மாவையும் ஒன்பது ஆண்டுகளையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தோழியரே, அச்சொல்லைக் கேட்ட பின்பும் சம்னர் ஆய்வுகூடத்துக்கே போனார் என்பதை நாம் மறவாதிருப்போம்.