அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்ற வரலாறு



தாய்மொழியை நாம் எப்போது கற்றோம் என்று நம்மில் யாருக்கும் நினைவில்லை. தாயின் மடியில் கேட்டோம், மழலையில் திருப்பிச் சொன்னோம், மூன்று வயதுக்குள் ஓயாமல் பேசத் தொடங்கிவிட்டோம். எழுவாய், பயனிலை என்பதெல்லாம் பள்ளிக்குப் போன பிறகு தெரிந்தவை. வயது வந்தபின் இன்னொரு மொழிக்குள் நுழைவது அப்படிப்பட்டதல்ல. பிழைப்புக்காக மும்பைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்ற நம் பங்கு மக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஏறத்தாழ நானூற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் முத்துக்குளித்துறையில் அந்தச் சிரமத்தை முழுமையாகப் பட்டவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்னும் அண்டிரிக் அடிகளார். தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று அவரை நாம் அறிவோம். அவர் தமிழ் கற்ற விதத்தை அவ்வளவாக அறியோம்.

அவருக்கு முன் வந்தவர் புனித சவேரியார். 1542-ல் இக்கடற்கரைக்கு வந்த அவருடைய தாய்மொழி பாஸ்க். மக்கள் பேசுவது அவருக்குப் புரியவில்லை, அவர் பேசுவது மக்களுக்குப் புரியவில்லை. இரு மொழியும் தெரிந்த சிலரை உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று கற்பித்தார். அந்த மொழிபெயர்ப்பின் விசுவாசப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல் புகுந்துவிட்டது! 1544-ல் அதைக் கண்டுகொண்ட சவேரியார், விசுவாசம் என்றே சொல்ல வேண்டும் என உடன் உழைத்த மான்சிலாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தினார். புனிதருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களின் பாட்டை எண்ணிப் பாருங்கள்.

அண்டிரிக் அடிகளார் 1520-ல் போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வம்சாவளியினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையில் அவரால் நீடிக்க முடியவில்லை. 1545-ல் இயேசு சபையில் சேர்ந்து, 1546-ல் கோவா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். தமிழைக் கற்று அதற்கு ஓர் இலக்கணமும் எழுதும்படி சவேரியார் அவரைப் பணித்தார்.

தொடக்கத்தில் மொழி அவருக்குப் பிடிபடவே இல்லை. இது தம்மால் ஆகாது என்று கைவிடும் நிலைக்கு வந்துவிட்டார். துபாசி வைத்துத்தான் பேசினார். பிறகுதான் ஒரு வழி தென்பட்டது. வந்தேன், வந்தாய், வந்தான் என்று வினைச்சொல்லின் முடிவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அரசன், அரசனை, அரசனுக்கு என்று பெயரின் முடிவும் மாறுகிறது. அவர் படித்த இலத்தீனும் அப்படிப்பட்டதே. ஆகவே தெரிந்த மொழியின் சட்டத்தை வைத்துத் தெரியாத மொழியை அடுக்கத் தொடங்கினார். 1548 இறுதிக்குள் மக்களோடு துபாசி இல்லாமல் பேசும் அளவுக்குத் தேறிவிட்டார். குழந்தைக்கு இல்லாத வசதி இது. இலக்கணம் படித்தால் பேச்சு வராது என்று இக்காலத்தில் சிலர் சொல்வது முழு உண்மையல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் உச்சரிப்பில் அடிகளார் தடுமாறினார். சில மாதக் குழந்தை எந்த மொழியின் ஒலி வேறுபாட்டையும் பிரித்துக் கேட்கும். ஓராண்டு நிறையும் முன்பே அதன் காது சுற்றிப் பேசும் மொழிக்குப் பழகி, அம்மொழியில் இல்லாத வேறுபாடுகளை விட்டுவிடத் தொடங்குகிறது. போர்த்துக்கீசியத் தாலாட்டில் வளர்ந்த காதுக்கு ல, ள, ழ மூன்றும் எளிதில் பிரிபடுமா? துபாசி தேவைப்படாத நிலை வந்த பிறகும், கோவில் பிரசங்கத்தில் அவர் தமிழில் சொன்னதை மக்களுக்கு விளங்கும்படி இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழுக்கே தமிழில் துபாசி! அதற்காக அவர் வெட்கப்பட்டு ஒதுங்கிவிடவில்லை. உடனிருந்த குருக்களோடு சேர்ந்து, தங்களுக்குள் தமிழிலேயே பேசுவது, தவறினால் தண்டனை என்று ஓர் ஒழுங்கும் செய்துகொண்டார். இரவு உணவுக்கு அமர்ந்தபோதும் சொந்த மொழி கூடாதென்றால், களைத்த மனிதருக்கு அது எளிய ஒறுத்தல் அல்ல.

இவ்வளவு பாடு எதற்காக? செபங்களை மனப்பாடமாகக் கற்பித்துவிடலாம். பிரசங்கத்தைத் துபாசி சொல்லிவிடலாம். ஆனால் பாவசங்கீர்த்தனம்? ஒரு தாய் தன் மனப்பாரத்தை இறக்கி வைக்க வந்து முழந்தாளிடும்போது, நடுவே அதே ஊரைச் சேர்ந்த மூன்றாம் ஆள் உட்கார்ந்திருந்தால் அவள் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள்? சாகக் கிடப்பவர் கடைசி நேரத்தில் முணுமுணுப்பதைத் துபாசி வரும்வரை காத்திருந்தா கேட்பது? 1580-ல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே அடிகளார் ஒரு தமிழ் நூலை அச்சிட்டார் என்பதிலிருந்தே இக்கவலை அவரை எவ்வளவு வாட்டியது என அறியலாம்.

1549-ல் கிரிமினாலி அடிகளார் வேதாளையில் கொல்லப்பட்டபின் கடற்கரைப் பணியின் தலைமை இவர் தோள்மேல் விழுந்தது. பல ஆண்டுகள் அதைச் சுமந்தார். புன்னைக்காயலில் மருத்துவமனை கண்டார். 1578-ல் கொல்லத்தில் 16 பக்கங்களில் தம்பிரான் வணக்கம், 1579-ல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம், 1586-ல் 600 பக்கங்களைத் தாண்டிய புனிதர் வரலாறு எனத் தமிழ் நூல்கள் வெளிவந்தன. 1600-ல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

1549 வாக்கில் அவர் எழுதிய இலக்கணம் மட்டும் அச்சேறவில்லை. பின்னால் வரும் குருக்கள் தமிழ் கற்பதற்கென்று போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய கையேடு அது. லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகக் கிடந்து, நம் காலத்தில்தான் பதிப்பிக்கப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-ல் வந்தது. புலவர்கள் இலக்கணத்தில் செந்தமிழைத்தான் எழுதிவைத்தார்கள். பேச்சுத் தமிழை எழுதிவைக்க வேண்டும் என்று அதைப் பிறவியிலேயே பெற்ற யாருக்கும் தோன்றவில்லை. அடிகளாருக்கோ கடற்கரைச் சனங்களின் பேச்சுதான் தேவைப்பட்டது. அதனால் அன்றைய முத்துக்குளித்துறையில் மீனவரும் பெண்களும் பிள்ளைகளும் வினைச்சொற்களை எப்படி முடித்துப் பேசினார்கள் என்பது, அந்நியர் ஒருவர் காதால் கேட்டு எழுதிய அந்தக் கையேட்டில் இன்றும் இருக்கிறது.