ரோஸ் ஹாதார்ன் அம்மையார்

நோயைத் தீர்க்கும் மருத்துவரை உலகம் போற்றும். தீராத நோயுற்று இறுதி நாட்களைக் கழிப்போரைப் பேணுபவரை உலகம் எளிதில் நினைப்பதில்லை. அவ்வாறு பேணுதற்கு வேண்டும் பொருளை யார் தருவது என்னும் வினாவோ இன்னும் அரிதாகவே எழுகின்றது. இவ்வினாவுக்குத் தம் செயலால் விடை கூறிய பெருமாட்டி ரோஸ் ஹாதார்ன் அம்மையார் ஆவர்.

இவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசச்சூசெட்ஸ் மாகாணத்து லெனாக்ஸ் என்னும் ஊரில் 1851-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிறந்தார். தந்தையார் நதானியேல் ஹாதார்ன் அந்நாட்டு நாவலாசிரியருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். அம்மையார் 1871-ல் ஜார்ஜ் பார்சன்ஸ் லாத்ராப் என்னும் எழுத்தாளரை மணந்தார். ஒரே மகன் 1881-ல், ஐந்து வயது நிரம்புமுன், டிப்தீரியா நோயால் இறந்தான். இல்வாழ்வும் இனிது அமைந்திலது. 1895-ல் கணவரைப் பிரிந்தார்.

அக்காலத்து நியூயார்க் நகரில் ஏழைகளுக்குப் புற்றுநோய் வருவது இருமுறை இறப்பதை ஒக்கும். குணமாகாதவர் எனக் கண்டவுடன் மருத்துவசாலைகள் அவர்களை வெளியே அனுப்பிவிடும். நோய் தொற்றும் என்று அஞ்சி வாடகை வீட்டாரும் இடங்கொடார். எஞ்சிய புகலிடம் பிளாக்வெல் தீவில் இருந்த நகராட்சியின் ஏழையர் விடுதி ஒன்றே. அரசாங்கம் அவர்களுக்கென ஒதுக்கியது அவ்வளவே. அம்மையாரின் தோழியாராகிய கவி எம்மா லாசரஸ் 1887-ல் புற்றுநோயால் இறந்தபோது, செல்வமும் சுற்றமும் தரத்தக்க பணிவிடையெல்லாம் பெற்றிருந்தார். அவ்விரண்டும் இல்லாதார் கதி என்ன என்னும் எண்ணம் அம்மையார் உள்ளத்தைக் குடைந்தது.

1896-ல், தமது நாற்பத்தைந்தாம் வயதில், நியூயார்க் புற்றுநோய் மருத்துவசாலையிற் புகுந்து சில மாதங்கள் புண்ணைக் கழுவிக் கட்டும் தொழிலைக் கற்றார். பின்னர், ஏழைகள் நெருங்கி வாழும் கீழ்க்கிழக்குப் பகுதியிற் சிறு குடியிருப்பொன்றை வாடகைக்கு அமர்த்தி, நோயாளரை அங்கே ஏற்றார். 1897-ல் ஓவியம் பயின்ற ஆலிஸ் ஹூபர் என்னும் பெண்மணி துணையாக வந்து சேர்ந்தார். 1900-ல் இருவரும் தோமினிக் சபைத் துறவுடை பூண்டனர். அம்மையார் அல்போன்சா அன்னை எனப் பெயர் பெற்றார்.

நோயாளியிடமேனும் அவர் உறவினரிடமேனும் அரசாங்கத்திடமேனும் பணம் பெறலாகாது என்பதே இல்லத்தின் விதி. பணம் தருபவர் மேலாகவும் தராதவர் கீழாகவும் ஒரே கூரையின்கீழ்க் கிடத்தல் தகாது என்பது அவ்விதியின் கருத்து. ஆயினும் பஞ்சும் துணியும் உணவும் வாடகையும் விலையின்றி வருவன அல்ல. ஆதலின் அம்மையார் தந்தையாரின் புகழையும் தம் எழுத்துவன்மையையும் ஏழைகளின் பொருட்டுச் செலவிட்டார். பத்திரிகைகளுக்கு ஓயாது வேண்டுகோள் எழுதினார். மார்க் ட்வெயின் போன்ற பெரியோர் உதவினர். பெயர் தெரியாத எளியோரின் சிறு காசுகளும் வந்து சேர்ந்தன. இவற்றால் 1899-ல் செரி தெருவில் ஒரு வீடும், 1901-ல் நகருக்கு வடக்கே ரோசரி ஹில் என்னும் பெரிய இல்லமும் அமைந்தன. அவ்வூர் பின்னர் ஹாதார்ன் என்றே பெயர் பெற்றது. அங்கேயே 1926-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி அம்மையார் உயிர் நீத்தார். இல்லத்தின் விதி இன்றளவும் மாறவில்லை.

எனினும், நன்கொடையால் நடப்பது சில இல்லங்களே. இறப்பதோ எல்லா ஊர்களிலும் நிகழ்கின்றது. அம்மையார் மறைந்து ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1982-ல், அமெரிக்கக் காங்கிரஸ் முதியோர்க்குரிய மெடிகேர் காப்பீட்டில் இறுதிக்காலப் பராமரிப்புக்கு இடமளித்தது. நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வரையறுத்த தொகை அதற்குத் தரப்படுகின்றது. 1986-ல் அவ்வேற்பாடு நிலைபெறச் செய்யப்பட்டது. இதனால் எண்ணிறந்தோர் பயன்பெற்றனர். ஆயினும், நோய் தன் போக்கிற் சென்றால் ஆறு திங்களுக்குமேல் உயிர் தரிப்பது அரிது என்று மருத்துவர் சான்று தரவேண்டும். சாவு நாட்கணக்குப் பார்த்து வருவதன்று. ஆதலின் இவ்வரையறையால் இடர்ப்படுவோரும் உளர்.

அன்பர்களே, அரசாங்கத்தின் பொருளுக்கு அகலம் உண்டு; ஆனால் விதி என்னும் வேலியும் உண்டு. அறத்தால் வரும் பொருள் வாயிலை அகலத் திறக்கும். ஆனால் எல்லா ஊரையும் எட்டுவதில்லை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. குணமாகாதவன் என்பதனால் ஒருவன் குடிமகன் அல்லாதவன் ஆகான் என்பதைப் பொதுப்பணத்தை ஆள்வோர் உணரவேண்டும். அவர்கள் உணராதிருந்த காலத்தே ஒரு வாடகை வீட்டிலிருந்து அதனை உணர்த்திய பெருமை ரோஸ் அம்மையாரைச் சாரும்.