பேட்டன் ரௌஸ்

உண்மையைக் காண்டல் அரிது; கண்ட உண்மையை உலகம் ஏற்குமளவும் சோர்வின்றி இருத்தல் அதனினும் அரிது. அங்ஙனம் 55 ஆண்டு இருந்தவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் பேட்டன் ரௌஸ்.

இவர் 1879-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னையார் அரும்பாடுபட்டு இவரைக் கற்பித்தனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கலாசாலையில் மருத்துவம் பயிலுங்கால், பிணம் அறுத்துச் சோதிக்கையில் காசநோயுற்ற எலும்பொன்று இவர் விரலைக் கீறியது. அந்நோய் இவரையும் பற்றிற்று. டெக்ஸாஸ் நாட்டுப்புறத்துக் கால்நடைப் பண்ணையில் உழைத்து உடல்நலம் பெற்று மீண்டார்.

1909-இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். ஆண்டு, மார்பிற் கட்டியுடைய கோழியொன்று இவர் கைக்கு வந்தது. அக்கட்டியை அரைத்து, உயிரணுக்கள் புகவொண்ணாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அத்தெளிநீரை நலமுள்ள கோழிகட்குச் செலுத்தினார். அவற்றிற்கும் புற்று உண்டாயிற்று! வைரஸும் புற்றுநோய் விளைக்கும் என்பதை 1911-இல் வெளியிட்டார். அறிஞர் பலர் நம்பிலர். எலி முதலியவற்றில் அவர் தேடியும் அத்தகைய வைரஸ் அகப்படவில்லை. ரௌஸ் வாதாடாது வேறு பணி மேற்கொண்டார். குருதியைக் கெடாது சேமிக்கும் முறையை டர்னர் என்பவருடன் கண்டார். அது முதல் உலகப்போரில் காயமுற்றோர்க்கு உதவிற்று. 1966-இல், தமது 87-ஆம் வயதில், நோபெல் பரிசு பெற்றார், 1970-இல் மறைந்தார்.

அவர் கண்டதன் முழுப்பொருள் பின்னரே விளங்கிற்று. 1976-இல் பிஷப், வார்மஸ் முதலியோர், அவ்வைரஸின் புற்று விளைக்கும் மரபணு கோழியின் உயிரணுவினின்றே கவரப்பட்டது என நாட்டினர். சார்க் எனப்படும் அம்மரபணு மாந்தர்க்கும் 20-ஆம் குரோமோசோமில் உண்டு. அது ஆக்கும் புரதம் பிற புரதங்களிற் பாஸ்பேட்டைச் சேர்த்து, வளர்க, பெயர்க என உயிரணுவினுள் எழும் ஏவல்களை நெறிப்படுத்துகின்றது. அப்புரதத்தின் வாற்புறத்தே கடிவாளம் போன்றதோர் உறுப்பு உளது. வைரஸின் புரதத்தில் அஃது இன்மையால் ஏவல் ஓய்வதில்லை; புற்று விளைகின்றது.

ஈண்டு வியத்தற்குரியது ஒன்று உளது. மரபணு மாற்றத்தாற் புற்று எழும் என்னுங் கொள்கையை ரௌஸ் இறுதிவரை ஏற்றிலர். பிறர் ஐயத்தால் வருந்தியவரே பிறிதோர் உண்மையை ஐயுற்றார்! ஆயினும் அவ்வுண்மைக்கு வாயில் திறந்தது அவர் கண்ட வைரஸே. மாணவ நண்பர்காள்! பெரியோர் மறுப்பினும் சோதனை காட்டியதைக் கைவிடாமையும், நம் கருத்தே முடிந்த முடிபு என்று கொள்ளாமையும் இவர் வாழ்வினின்று நாம் கற்கத்தக்கன.