நாயனத்தை மேடை ஏற்றிய சக்கரவர்த்தி

தோடி ராகம் என்றதும் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு நினைவு வரும் பெயர் ஒன்றுதான். அது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை!

ஒலிபெருக்கி இல்லாத நாளிலேயே ஊர் முழுவதும் கேட்க வாசித்தவர் அவர். அவர் வருகிறார் என்றால் பத்து மைல் சுற்று வட்டாரத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். வெற்றிலைப் பெட்டியும் ஜமுக்காளமுமாக வந்து, தேரடியில் இடம் பிடித்து, விடிய விடியக் கேட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில், 1960-களில், பீட்டில்ஸ் போன்ற கிட்டார் கோஷ்டிகளுக்கு மேல்நாட்டில் இளைஞர் கூட்டம் திரண்டது உலகப் பிரசித்தம். அதற்கு ஒரு தலைமுறை முன்பே, காவிரிக் கரையில் ஒரு மேளக் கோஷ்டிக்கு அப்படிப்பட்ட கூட்டம் கூடியது!

ஆனால் ராஜரத்தினத்தின் கதை வெறும் புகழின் கதை அல்ல. அது மரியாதைக்காக ஒரு கலைஞர் நடத்திய போராட்டத்தின் கதை.

நின்றபடி வாசித்த காலம்

இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம். இதுதான் பெரிய மேளம். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பதும், கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டுவதும் இவர்கள்தான். இவர்கள் இல்லாமல் எந்த மங்கல காரியமும் நடக்காது.

அப்படியிருந்தும் அவர்களுக்கு உட்கார இடம் கிடையாது! வாய்ப்பாட்டு வித்வானுக்கு மேடையும் ஜமுக்காளமும் உண்டு. நாயனக்காரரோ பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்றபடி வாசிக்க வேண்டும். மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டை போடக் கூடாது. மேளம் முடிந்ததும் திண்ணை ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். இசை வேளாளர் குலத்தில் பிறந்த எத்தனையோ மேதைகள் இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ராஜரத்தினம் ஏற்றுக்கொள்ளவில்லை.

மருகலில் பிறந்த பாலன்

1898 ஆகஸ்ட் 27-ல் திருமருகலில் பிறந்தார். தந்தை குப்புசாமி பிள்ளை, தாய் கோவிந்தம்மாள். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்து நாதஸ்வர வித்வான். சிறுவன் வளர்ந்தது அவரிடம்தான். ராஜரத்தினம் என்ற பெயரும் பின்னர் வந்ததே.

முதலில் அவர் கற்றது நாயனம் அல்ல, வாய்ப்பாட்டு. பிடில் வித்தையில் நாடறிந்த திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரே அவருக்குக் குரு. சிறு வயதிலேயே பாட்டுக் கச்சேரி செய்யும் அளவுக்குத் தேறினார். அதன் பிறகுதான் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தார். அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் பயிற்சி பெற்றார்.

பாடத் தெரிந்தவன் ஊதினால் எப்படி இருக்கும் என்பதை உலகம் பிறகு கண்டது. அவர் நாயனம் கொட்டி முழக்கவில்லை, பாடியது! மூச்சு எங்கே முடிகிறது, அடுத்த மூச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ராகம் ஆறு போல ஓடியது. நாளடைவில் மாமனைப் போல அவரும் திருவாவடுதுறை ஆதீன வித்வான் ஆனார்.

நரசிங்கன்பேட்டையில் பிறந்த புது நாயனம்

அந்தக் காலத்து நாயனத்துக்குத் திமிரி என்று பெயர். நீளம் குறைவு; சுருதி அதிகம். நாலு கட்டைக்கு மேல் கூவும். தெருவில் வாசிக்க அது போதும். நிதானமாக ராகம் விஸ்தரிக்கவோ மூச்சு வாங்கிவிடும். சுத்த மத்யமம் சரியாகப் பேச வேண்டுமானால் ஊதுகிற காற்றை அடக்கி ஊத வேண்டும்.

இந்தக் குறை தீர வழி பிறந்தது நரசிங்கன்பேட்டையில். திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊர் அது. நாயனம் கடைவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஆசாரிமார்கள் வாழும் இடம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை வாங்கி, கடைந்து, துளை போட்டு நாயனம் செய்வார்கள். அங்கே ரங்கநாதன் ஆசாரி 1930-களில் நீளமான புது நாயனத்தை உருவாக்கினார். அதுதான் பாரி நாயனம். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்யமம் அடக்கி ஊதாமலே சுத்தமாகப் பேசியது. அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்து, அதன் பெருமையை நாட்டுக்குக் காட்டியவர் ராஜரத்தினம்.

இன்று பெரும்பாலான வித்வான்கள் வாசிப்பது இந்தப் பாரி நாயனமே. 2022-ல் நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இரு யானைகள்

நல்ல நாயனத்துக்கு நல்ல தவில் வேண்டும். ராஜரத்தினத்துக்கு வாய்த்தவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தவில் உலகில் அவருக்கு இணை அவரே. ஒரே மேடையில் இரண்டு யானைகள்! இருவரும் சேர்ந்தால் ரசிகர்களுக்கு விருந்து. இருவருக்கும் மனஸ்தாபம் வந்ததும் உண்டு. பெரிய கோஷ்டிகளின் தலையெழுத்து எந்த நாட்டிலும் இப்படித்தான் போலும். 1949-ல் நீடாமங்கலத்தார் மறைந்தார்.

தோடி ராக இசைத்தட்டு தமிழ்நாடெங்கும் பரவியது. இலங்கையில் அதற்கு இருந்த மோகம் சொல்லி முடியாது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்கள் ராஜரத்தினத்தின் மேளத்துக்குக் காத்திருந்தன. பணமும் பொன்னும் மழையாகக் கொட்டின.

1940-ல் சினிமாவும் அழைத்தது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய கவி காளமேகம் படத்தில் ராஜரத்தினமே காளமேகமாக நடித்தார். பாரதிதாசன் அந்தப் படத்தில் எழுத்துப் பணி புரிந்தார். ஆனாலும் ராஜரத்தினம் நிலைத்தது வெள்ளித் திரையில் அல்ல, நாயனத்தில்தான்.

கிராப்பும் ஷெர்வானியும்

புகழ் வந்ததும் அவர் செய்த முதல் காரியம், குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டது. ஷெர்வானி அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் மின்னியது. ஒத்து ஊதுவதற்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டார். மேடை போட்டால்தான் வாசிப்பேன், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

இவ்வளவு ஆடம்பரம் எதற்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அது வெறும் ஆடம்பரம் அல்ல. இடுப்பில் துண்டு கட்டி நின்ற தலைமுறைகளுக்கெல்லாம் சேர்த்து அவர் போட்டுக்கொண்ட சட்டை அது! அவருக்காக ஜமுக்காளம் விரித்த மேடையில் பிறகு மற்ற நாயனக்காரர்களும் உட்கார்ந்தார்கள்.

1947 ஆகஸ்ட் 14. மறுநாள் சுதந்திரம். திருவாவடுதுறை ஆதீனத்துத் தம்பிரான் செங்கோலுடன் டில்லி சென்றார். ஓதுவாரும் உடன் போனார். முன்னே நாதஸ்வரம் முழங்க, நேருவின் இல்லத்தில் செங்கோல் வழங்கப்பட்டது. அன்று நாதஸ்வரம் வாசித்தவர் ராஜரத்தினம். பெரிய மனிதர் வீட்டு வாசலில் ஒதுங்கி நிற்கச் சொன்ன வாத்தியம், நாட்டின் முதல் பிரதமர் வீட்டுக்குள் மங்கல இசையாக நுழைந்தது!

சக்கரவர்த்தியின் குறை

நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்ற பட்டம் அவருக்கு மட்டுமே பொருந்தியது. சக்கரவர்த்திக்குரிய குறைகளும் அவரிடம் இருந்தன. கோபம் அதிகம். மதுப் பழக்கம் இருந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு நேரத்தில் வராமல் காக்க வைத்தார். சில சமயம் வராமலே இருந்தார். வந்த பணம் வந்த வேகத்தில் போயிற்று. நாளைக்கு என்று எடுத்து வைக்க அவருக்குத் தெரியவில்லை.

1955-ல் மத்திய சங்கீத நாடக அகாடமி அவருக்கு விருது அளித்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கடைசி வரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1956 டிசம்பர் 12-ல் சென்னையில் காலமானார். வயது 58. ஊருக்கெல்லாம் வாரி இறைத்தவர் போகும்போது கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் குருவின் பாணியைத் தொடர்ந்தார். 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் அவர் வாசித்த நாதஸ்வரம் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. அவரும் 1964-ல், நடுவயதிலேயே மறைந்தார்.

கம்மாபுரத்துக் கல்யாண வீட்டில்

ராஜரத்தினம் மறைவதற்கு முந்தைய மாதம், 1956 நவம்பரில்தான் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. புஞ்சைக் காடாக இருந்த பூமியில் சுரங்கமும் அனல் மின் நிலையமும் எழுந்தன. சுற்றியுள்ள கம்மாபுரம், விருத்தாசலம் பகுதிகளின் வாழ்க்கை மாறியது. மாட்டு வண்டி போய் மோட்டார் வந்தது. திண்ணை போய்க் கல்யாண மண்டபம் வந்தது.

மண்டபத்து மேடையில் இன்று நாயனக்காரர் உட்கார்ந்துதான் வாசிக்கிறார். சட்டை போட்டிருக்கிறார். அந்த உரிமை ராஜரத்தினம் வாங்கித் தந்தது. ஆனால் கேட்பது யார்? அவர் தோடியை எடுக்கும்போது பந்திக்கு முந்துகிறோம். முகூர்த்தம் முடிந்ததும் வாடகை ஒலிபெருக்கி அலறுகிறது. மேடை கிடைத்துவிட்டது; காது கிடைக்கவில்லை.

தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் மேளத்தைத் தேடாமல், முன் வரிசையில் பத்துப் பேர் பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து கேட்கலாம். வாசித்து முடித்தவரைக் கூப்பிட்டு, முதல் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. திருவாவடுதுறைச் சக்கரவர்த்தி ஆயுள் முழுவதும் கேட்டது இதைத்தான்.