நெசவாலையும் நீதிமன்றமும் கண்ட சிதம்பரனார்

குலசேகரன்பட்டினம், காயல், தூத்துக்குடி எனத் தொடரும் முத்துக்குளித்துறைக் கடற்கரையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முத்தைவிடப் பருத்தியே பெரும்பொருள் ஈட்டித் தந்தது. கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியை நூலாக்கத் தூத்துக்குடியில் ஆங்கிலேயரின் கோரல் ஆலை இயங்கியது. அங்கு உழைத்தவர்களுக்காகப் பின்னாளில் குரல் கொடுத்த வ.உ.சிதம்பரனார், 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார்.

தந்தை உலகநாதர் வழியில் மகனும் வழக்குரைஞரானார். ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளின் குற்றவியல் வழக்குகளைக் கட்டணம் பெறாமலே நடத்திக் கொடுத்தார். பொய்வழக்கில் சிக்கியவர்களை அவர் மீட்டதால் காவல்துறையினரின் பகையும் வளர்ந்தது. மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சிய தந்தை, 1900இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். பகையிலிருந்து விலக்க எண்ணி அனுப்பிய ஊரிலேதான் அதனினும் பெரும்பகை காத்திருந்தது.

1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நாடறியும். 1908இன் ஆலைப் போராட்டம் அந்த அளவு பேசப்படுவதில்லை. வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு இத்தனை மணிநேரமே உழைக்கலாம் என்று வரையறுக்கும் சட்டம் அன்று இந்தியாவில் இல்லை. நெசவாலைகளுக்கு அவ்வரையறை 1911இல்தான் வந்தது. எந்திரத்தில் கைவிரலை இழந்தவருக்கு இழப்பீடு பெற்றுத் தரும் சட்டம் 1923இலும், தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் 1926இலும் பிறந்தன. வழக்குரைஞரான சிதம்பரனார் எடுத்துக்காட்டி வாதிடச் சட்டநூலில் போதிய இடமில்லை. ஆகவே, அவர் நீதிமன்றத்தை விட்டு மக்கள்மன்றத்துக்கு வந்தார்.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் கூட்டங்களில் பேசினர். அன்றாடக் கூலியை நம்பிய குடும்பங்களில் அடுப்பு அணையாதிருக்க ஊரார் பொருள் திரட்டி உதவினர். போராட்டத்தை எதிர்த்துப் பேசிய ஒருவருக்கு முடிதிருத்துபவர் பாதியிலேயே சவரத்தை நிறுத்திவிட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. ஊரின் மனநிலையை அது காட்டுகிறது. ஒன்பது நாள்களில் நிருவாகம் இறங்கிவந்தது. ஊதியம் உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அருகிருந்த பிற ஐரோப்பிய நிறுவனங்களின் தொழிலாளர்களும் இதனால் ஊக்கம் பெற்றனர்.

ஆட்சியாளர்கள் இதைப் பொறுக்கவில்லை. விபின் சந்திரபாலரின் விடுதலையைக் கொண்டாடிய சில நாள்களில், மார்ச் 12 அன்று, சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியில் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் அந்நகரில் கிளர்ச்சி வெடித்தது. துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கேட்டது கூலியன்று, தலைவர்களின் விடுதலை.

பிறருக்காக வாதிட்டவர் தாமே கூண்டில் நின்றார். நீதிபதி பின்ஹே, அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டுகள், சிவாவுக்குத் துணைநின்றதற்கு 20 ஆண்டுகள் எனத் தண்டனை விதித்தார். உடன் குற்றஞ்சாட்டப்பட்ட சிவாவுக்குக் கிடைத்ததோ 10 ஆண்டுகள். துணைநின்றவருக்கு, பேசியவரைவிட இருமடங்கு! மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் சிதம்பரனாரின் தண்டனையை 6 ஆண்டுகளாகக் குறைத்தது.

கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். ஆனாலும் சட்டம் பயின்ற மனம் ஓயவில்லை. சிறையிலிருந்தபடியே மனுக்களை எழுதிக்கொண்டே இருந்தார்.

1912இன் இறுதியில் விடுதலை பெற்றபோது கப்பல் நிறுவனம் இல்லை. வழக்குரைஞர் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், வறுமை விலகவில்லை. அந்நிலையிலும் தொழிலாளர் இயக்கங்களில் பங்கேற்றார். பல ஆண்டுகளுக்குப்பின் வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். எந்த ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தாரோ, அந்த ஆட்சியின் நீதிபதி ஒருவரின் பெயர் அவர் இல்லத்தில் நாள்தோறும் ஒலித்தது.

கோவில்பட்டியில் மீண்டும் கறுப்பங்கி அணிந்து வழக்குகளை நடத்திய அவர், 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பர் 18 அன்று அந்நகரிலேயே காலமானார்.