காமிராவுடன் சீனம் சென்ற அம்மையார்

அந்நிய தேசம் ஒன்றைச் சுற்றிப் பார்த்து மீண்டவர் அத்தேசத்தைப்பற்றிச் சொல்லும் சாட்சியம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? கப்பல் துறைமுகத்தில் நின்ற இரண்டு நாட்களுக்குள் ஒரு ஜனசமூகத்தின் குணதோஷங்களையெல்லாம் கண்டுகொண்டதாகப் புத்தகம் எழுதியவர்கள் பலர். அத்தகைய புத்தகங்களுக்கு இலக்காகி வருந்தியவர்கள் நாம். ஆதலின் பிரயாணிகளின் வாக்குமூலத்தைச் சந்தேகத்துடனேயே கையில் எடுக்கிறோம். அவ்வாறு எடுத்தும் கீழே வைக்க மனமில்லாமற்போன சாட்சி ஒன்று உண்டு. இஸபெல்லா பேர்டு என்னும் ஆங்கில மாது தமது 64-ஆம் வயதில் சீனதேசத்தின் யாங்ட்ஸி நதி வழியே சென்று எடுத்துவந்த போட்டோப் படங்களையே குறிப்பிடுகிறோம்.

அம்மையார் 1831-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் யார்க்ஷயர் ஜில்லாவில் பிறந்தார். தந்தையார் முதலில் கல்கத்தாவில் பாரிஸ்டராக இருந்து, பின்னர் அத்தொழிலை விட்டுப் பாதிரியானவர். (எமது தொழிலைத் துறந்தோர் அதன்பின் நல்ல கதியையே அடைகின்றனர் என்று நண்பர்கள் பரிகாசம் செய்வதுண்டு.) இளமை முதலே அம்மையாருக்கு முதுகெலும்பில் நோய். படுக்கையை விட்டு எழ முடியாத நாட்கள் பல. வைத்தியர்கள் இடமாற்றம் நல்லது என்றனர். 1854-ல் அமெரிக்கா சென்றார். பின்னர் ஹவாய்த் தீவுகள், ராக்கி மலைத்தொடர், ஜப்பான், மலாய் நாடு என்று அவர் சென்ற இடங்கள் விரிந்தன. வீட்டில் நோயாளி, குதிரைமீது ஏறினால் வீராங்கனை. இந்த விந்தையை அவர் காலத்தவரே கண்டு வியந்தனர்.

1880-ல் அருமைத் தங்கை ஹென்ரியட்டா இறந்தார். மறுவருஷம் டாக்டர் ஜான் பிஷப்பை மணந்தார். ஐந்து வருஷத்தில் அவரும் காலமானார். துக்கத்தோடு 1889-ல் இந்தியா வந்த அம்மையார், ஸ்ரீநகரில் கணவர் பெயராலும் அமிருதசரஸில் தங்கை பெயராலும் வைத்தியசாலைகள் நிறுவினார். 1892-ல் லண்டன் ராயல் பூகோள சங்கம் முதன்முதலாகப் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்தபோது அவருக்கும் இடம் கிடைத்தது. மறுவருஷமே அச்சங்கத்தார் அஞ்சிக் கதவை அடைத்துக்கொண்டனர். 1913 வரை அது மீண்டும் திறக்கப்படவில்லை.

அறுபது வயதுக்குமேல்தான் அவர் போட்டோப் பிடிக்கும் கலையைப் பயிலத் தொடங்கினார். அச்சங்கத்தில் பிரயாணிகளுக்கு இக்கலையைக் கற்பித்துவந்த ஜான் தாம்ஸன் அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். தாமும் முன்னர்ச் சீனதேசத்தைப் படம் பிடித்துப் புகழ்பெற்றவர். அதற்குமுன் அம்மையாரின் நூல்களில் வந்த சித்திரங்கள் செதுக்குவோரின் கை வழியாக அச்சுக்குச் சென்றவை. அவ்வாறு வரும் சித்திரத்தில் கண்டது எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை யார் பிரித்துரைக்க வல்லார்?

1894 ஜனவரியில் புறப்பட்டுக் கொரியா சென்றார். முக்காலியில் நிறுத்தும் காமிரா 16 ராத்தல், கைக்காமிரா 4 ராத்தல். உடைமைகளில் எதைக் குறைத்தாலும் இவற்றைக் குறைக்கவில்லை. அங்கே ஜப்பானும் சீனமும் தொடுத்த யுத்தத்தையும், தமக்கு அன்புடன் பேட்டியளித்த கொரிய ராணி 1895-ல் கொலையுண்ட துயரத்தையும் கண்ட பின், 1896 தொடக்கத்தில் ஷாங்காயிலிருந்து யாங்ட்ஸியில் ஏறினார்.

இசாங் என்னும் ஊருக்கு அப்பால் நதி செங்குத்தான மலைகளினூடே பாய்கிறது. அம்மையார் அமர்த்திக்கொண்டது சிறிய வீட்டுப் படகு. எதிர் வெள்ளத்தில் பாய் உதவாத இடங்களில், மூங்கில் நாரால் முறுக்கிய வடத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைப் பாறைகளில் தவழ்ந்து செல்லும் கூலிகளே படகை இழுப்பர். பெரிய சரக்குப் படகு ஒன்றை வேகச் சுழிகளில் ஏற்றுவதற்கு நூற்றுக்கணக்கானவர் சேர்ந்து இழுக்கவேண்டியிருந்தது. வடம் அறுந்தால் படகும் போம், உயிரும் போம். இத்தொழிலாளர்களின் கஷ்டத்தையும், கந்தையோடு சிரித்துப் பேசும் அவர்களுடைய குணத்தையும் அம்மையார் போல் பரிவுடன் எழுதிய ஐரோப்பியர் சிலரே.

படகுதான் அவருக்கு இருட்டறை. இரவானதும் கண்ணாடித் தகடுகளைக் கழுவத் தொடங்குவார். பலகை இடுக்குகளில் முன்புறத்திலிருந்து வெளிச்சம் கசியும். அது படகுக் கூலிகள் அபினி புகைக்கும் விளக்குகளின் ஒளி. அதை அடைத்தாலன்றித் தகடு கெட்டுவிடும். மருந்து போகக் கழுவுவதற்குப் படகின் பக்கத்தில் மகாநதியே ஓடிற்று. ஆனால் அதன் நுண்ணிய சேறு படத்தின்மீது படிந்துவிடுமாதலால், கடைசிக் கழுவலுக்கு மட்டும் வடிகட்டிய நீர் வேண்டும். அந்த அபினி விளக்கைப்பற்றிப் படித்தபோது எமது மனம் சற்றே நின்றது. நம் தேசத்து வயல்களில் விளைந்த அபினியை விற்பதற்காகவன்றோ சீனத்தின்மீது பீரங்கிகள் முழங்கின! 1896-ல் ஸெசுவான் மாகாணத்திலேயே கசகசாச் செடி பரந்து பயிராகியிருந்ததையும் அம்மையார் கண்டு விரிவாக எழுதியுள்ளார்.

வான் என்னும் ஊரில் ஒற்றை வளைவில் நின்ற அழகிய பாலத்தைப் படம் பிடித்துவிட்டு, பல்லக்கு நாற்காலியில் தரைமார்க்கமாகச் சென்றார். அங்கேதான் ஆபத்து வந்தது. லியாங்ஷான் என்னும் நகரில் பெருங்கூட்டம் கூடி அவருடைய நாற்காலியைத் தடிகளால் அடித்தது. சத்திரத்து அறை ஒன்றில் அம்மையார் நுழைந்து கதவைத் தாழிட்டுக் கைத்துப்பாக்கியுடன் அமர்ந்திருந்தார். ஜனங்கள் கதவைப் பிளந்து தீ வைக்கவும் முயன்ற சமயத்தில் சிப்பாய்கள் வந்து காத்தனர். பின்னர்ச் செங்டுவுக்கு அருகே வேறோர் ஊரில் எறிந்த கல்லொன்று தலையில் பட்டு நினைவிழந்தார். அதன் உபாதை நெடுங்காலம் நீடித்தது.

காமிராவுக்குள் கருநிறப் பிசாசு ஒன்றை அடைத்து வைத்திருக்கிறாள், இரவில் அதை அவிழ்த்துவிட்டுப் பூமியிலுள்ள பொன்னைத் தோண்டுகிறாள் என்று வதந்தி உலவிற்று. அந்நியர் குழந்தைகளின் கண்களைப் பிடுங்கி மருந்து செய்கின்றனர் என்ற பேச்சு சீனத்தில் முன்னரே பரவி, 1870-ல் டியன்ட்ஸினில் பெருங்கொலைக்குக் காரணமாயிற்று. இவற்றை அறியாமை என்று நகைத்து ஒதுக்குதல் எளிது. எம்மால் அவ்வாறு முற்றும் ஒதுக்க இயலவில்லை. 1860-ல் அந்நியப் படைகள் பீகிங்கில் புகுந்து சக்கரவர்த்தியின் வேனில் அரண்மனையைக் கொளுத்தின. நிலத்தை அளந்தவர்களும் நதியின் ஆழத்தைப் பார்த்தவர்களும் போன வழியே துருப்புகள் வந்ததை ஜனங்கள் அறிந்திருந்தனர். பொன் தோண்டும் பிசாசு பொய். பொன்மீது அந்நியர் கண் வைத்திருந்தது பொய்யன்று. குற்றமற்ற ஒரு கிழவியின் தலையில் அக்கல் விழுந்ததை நாம் எவ்வகையிலும் ஆதரிக்கவில்லை. கல் எங்கிருந்து வந்தது என்பதையே சொல்கிறோம்.

அம்மையாரின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அடிபட்டவர் அந்த ஜனங்களைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருந்தால் அவர் நாட்டார் கைதட்டியிருப்பர். அவரோ மேலும் மேற்கே திபெத்திய எல்லை மலைகள் வரை சென்று, படம் எடுத்துக்கொண்டே மீண்டார். 1899-ல் வெளிவந்த அவரது யாங்ட்ஸி நூலில் சீனரின் தருமங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உள்ளது. சீனரிடம் தயாளம் இல்லை என்று தாம் முன்னர் எண்ணியிருந்ததை அதில் அவர் திருத்திக்கொண்டார். சீனம் அழிந்துகொண்டிருக்கும் தேசம் என்ற கூற்றையும் மறுத்தார். அதிகாரிகளின் ஊழலை மட்டும் கண்டித்தார். எப்பொழுது? 1897-ல் ஜெர்மனி கியாவ்சௌவையும், 1898-ல் ருஷ்யா போர்ட் ஆர்தரையும், பிரிட்டன் வெய்ஹாய்வெய்யையும் கவர்ந்துகொண்டு, பங்குபோடுவதைப்பற்றியே ஐரோப்பா பேசிய சமயத்தில்.

அவர் ஏகாதிபத்தியத்தின் புதல்வி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நூலை அவர் பிரதம மந்திரி ஸாலிஸ்பரி பிரபுவுக்கே அர்ப்பணம் செய்தார். பாதிரிமார்களின் ஊழியத்தை ஆதரித்தார். ஆனால் எதிர்க்கட்சிச் சாட்சியின் வாயிலிருந்து நமக்கு அநுகூலமான வார்த்தை வந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டென்பதை எந்த வக்கீலும் அறிவார்.

காமிராதான் அவரை மாற்றிற்று என்று சாதிக்க மாட்டோம். எனினும் அக்காலத்துக் காமிரா அவசரக்காரருக்கு உதவாதது. முக்காலியை ஊன்றி, கருந்துணிக்குள் தலை நுழைத்து, ஒளி வரும்வரை காத்திருக்கவேண்டும்; கூலியாயினும் மாஜிஸ்திரேட்டாயினும் எதிரே நிற்பவர் மனம் இணங்கி அசையாது நிற்கவேண்டும். அவ்விதம் காத்திருந்தவர் கண்ணுக்கு, நாற்காலித் திரைக்குப் பின்னிருந்து பார்ப்பவருக்குத் தெரியாதவை தெரிந்தன. அவர் படகு ஏறிய சுழிகளும் பழைய வான் நகரின் பெரும்பகுதியும், 2003 முதல் நீர் தேக்கப்பட்ட மூன்று மலையிடுக்கு அணையினால் மூழ்கிவிட்டன. வடம் இழுக்கும் தொழிலும் மறைந்தது. இன்று அவற்றைக் காண விரும்பும் சீனரும் அம்மையார் சேற்று நீரில் கழுவிய தகடுகளை நாடவேண்டியிருக்கிறது.

1900-ல் சீனப் படங்கள் சிறு நூலாக வெளிவந்தன. அவ்வருஷமே பாக்ஸர் கலகம் மூண்டு, அந்நியப் படைகள் மறுபடியும் பீகிங்கில் புகுந்தன. 1901-ல் அம்மையார் மொராக்கோ சென்றார். சுல்தான் அளித்த உயரமான குதிரைமீது ஏறுவதற்கு ஏணி வைக்கவேண்டியிருந்தது. திரும்பியபின் நோய் வலுத்தது. 1904 அக்டோபர் 7-ந் தேதி எடின்பரோவில் காலமானார். மறுபடியும் சீனதேசம் செல்வதற்காக அவருடைய பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன.